துபாய் போறீங்களா? வாட்ஸ்அப் கால் போகாது... வீட்டுக்குப் பேசுவது எப்படி?

துபாய் ஏர்போர்ட்டில் இறங்கியதும், ‘வந்து சேர்ந்துட்டேன்’ என்று சொல்ல வாட்ஸ்அப் கால் போடுகிறார்கள் பலர். கால் கனெக்ட் ஆகாது. இங்கே வீட்டில் இருப்பவர்கள் பதறிப்போகிறார்கள். ஆனால் கோளாறு போனில் இல்லை.

என்ன காரணம்?

ஐக்கிய அரபு அமீரகத்தில் இன்டர்நெட் வழியாகப் பேசும் ஆப்களுக்கு அரசின் அனுமதி வேண்டும். வாட்ஸ்அப் வாய்ஸ் கால், வீடியோ கால் இரண்டும் அங்கே பொதுவாக முடக்கப்பட்டுள்ளன. மெசேஜ், போட்டோ, வாய்ஸ் நோட் வழக்கம்போல் போகும்.

அப்போ எப்படிப் பேசுவது?

‘போட்டிம்’ போன்ற அனுமதி பெற்ற ஆப்பைப் பயன்படுத்தலாம். இரண்டு பக்கமும் அதே ஆப் இருக்க வேண்டும் என்பதால், கிளம்பும் முன்பே வீட்டில் உள்ளவர்கள் போனிலும் போட்டுக் கொடுத்துவிடுங்க. சாதாரண காலுக்கு +91 சேர்த்து டயல் செய்யுங்க.

வி.பி.என் போடலாமா?

ரிஸ்க் வேண்டாம். வி.பி.என் மூலம் குற்றம் செய்தால் 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதம் விதிக்க அங்கே சட்டம் உள்ளது.

மெயில், ஓ.டி.பி?

அங்கே புது சிம் வாங்கினாலும் இந்திய சிம்மைத் தூக்கிப் போடாதீங்க. மெயில் லாகின், பேங்க் ஓ.டி.பி எல்லாம் அந்த நம்பருக்குத்தான் வரும். ஊரிலேயே ரோமிங்கை ஆன் செய்துவிடுங்க.

முக்கியமாக, துபாயில் இரவு 9 மணி என்றால் இங்கே 10.30. தூங்கும் முன் அம்மாவுக்கு ஒரு வாய்ஸ் நோட் போதும், நிம்மதி!