டவர் தெரியுது, நெட் வரலை

"மாடியில ஏறினா டவர் பளிச்சுன்னு தெரியுது தம்பி. அப்புறம் ஏன் நெட்டு விட்டு விட்டு வருது?" திருநாவலூரில் டீ குடிக்கும்போது ஒரு பெரியவர் கேட்டார்.

கண்ணுக்கு ஒரு கோடு திறந்திருந்தால் போதும். ரேடியோ அலைக்குப் போதாது. இரு முனையிலும் ஒடுங்கி நடுவில் பருத்த வெள்ளரிக்காய் மாதிரி அதற்கு இடம் வேண்டும். ஃபிரெனல் மண்டலம் என்பது இதுதான். 5.8 கிகாஹெர்ட்ஸில் 5 கிலோமீட்டர் இணைப்புக்கு அந்தக் காயின் நடு ஆரம் 8 மீட்டர். கோட்டைச் சுற்றி 5 மீட்டராவது காலியாக இருக்க வேண்டும்.

பெரியவர் வீட்டுக்கும் டவருக்கும் நட்ட நடுவில் சவுக்குத் தோப்பு. இணைப்பு கொடுத்த வருஷம் இடுப்பளவு. இப்போது நுனி கோட்டுக்குச் சற்றுக் கீழே வந்து நிற்கிறது. டவரை மறைக்கவில்லை, காயைக் கடிக்கிறது. இந்த அலைவரிசைக்கு மழை பெரிய எதிரி இல்லை. மழையில் நனைந்த இலைதான் எதிரி.

டவரைப் பார்த்துக் கம்பத்தில் மாட்டிய டிஷ்ஷைத் திருப்புவதிலும் ஒரு ஏமாற்று உண்டு. மெதுவாகத் திருப்பும்போது சிக்னல் மைனஸ் 70 டிபிஎம் வரை ஏறி இறங்கும். அங்கேயே நட்டை முடுக்கிவிடாதீர்கள். அது டிஷ்ஷின் ஓரக் கசிவாக இருக்கலாம். இன்னும் கொஞ்சம் தள்ளினால் மைனஸ் 50 கிடைக்கும். முதலில் இடவலம், பிறகு மேல்கீழ். ஒரு முனை முடிந்த பிறகே மறுமுனை. முடுக்கும்போதே டிஷ் நகரும், சிக்னல் எண்ணிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது.

எல்லாப் பழுதும் டிஷ்ஷில் இல்லை. தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைக் கிராமப் பார்வை மையங்களோடு பெர்க்லி பல்கலைக்கழகக் குழு தொலைதூர வைஃபையால் இணைத்தது. 2008-இல் அவர்கள் எழுதிய கட்டுரையில் திரும்பத் திரும்ப வருவது மோசமான மின்சாரம். வோல்டேஜ் தாழ்ந்தால் ரேடியோ அணையாமலும் ஓடாமலும் பாதியில் உறைந்து நிற்கும். அதனால் கம்பத்தில் ஏறுமுன் அடாப்டரைப் பிடுங்கி, ஒரு நிமிஷம் விட்டுச் செருகிப் பாருங்கள். கேபிள் முனையில் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கம்பத்தை 4 மீட்டர் உயர்த்தலாமா என்றார் பெரியவர். ஒரு முனையை 4 மீட்டர் தூக்கினால் நடுவில் 2 மீட்டர்தான் ஏறும். சவுக்கு அதை எட்ட அதிக நாள் ஆகாது. தோப்பு குறுக்கே வராத வேறொரு டவருக்கு மாற்றிக் கேளுங்கள் ஐயா என்றேன்.