மே மாசத்துல பீன்ஸ் விதைக்காதீங்க!

செமஸ்டர் எக்ஸாம் முடிஞ்சு மே மாசம் வீட்டுக்கு வந்ததும் நிறைய பேருக்கு மாடித்தோட்ட ஆசை வரும். அந்த நேரத்துலதான் பீன்ஸ் விலையும் எகிறி நிக்கும். "அம்மா, இனிமே கடையில வாங்காதீங்க, நானே வளர்த்துத் தர்றேன்"னு விதை பாக்கெட்டைப் பிரிப்பீங்க. செடி வரும், பூவும் வரும். காய் மட்டும் வராது. உடனே "உனக்குக் கைராசி இல்ல"ன்னு வீட்டுல சொல்லிடுவாங்க. அதோட தோட்டமும் முடிஞ்சது.

கைராசிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. காரணம் வெயில்.

பீன்ஸ் பூ தன் மகரந்தத்தாலேயே காய் பிடிக்கும், தேனீக்காகக் காத்திருக்காது. ஆனா வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினா மகரந்தம் கெட்டு, பூ உதிர ஆரம்பிச்சிடும். நிலக்கோட்டை கடல் மட்டத்துல இருந்து 300 மீட்டர் சொச்சம் உயரம். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். 1,000 மீட்டருக்கு 6.5 டிகிரி குறையும்னு கணக்குப் போட்டா, வித்தியாசம் கிட்டத்தட்ட 12 டிகிரி! அதனாலதான் வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறினா பீன்ஸ் விளையுது, கீழே நம்ம பக்கம் மல்லிகை பூக்குது.

அதனால சீக்கிரம் காய் வேணும்னா, எந்த உரம்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி எந்த மாசம்னு யோசிங்க. கார்த்திகை பிறந்ததும், அதாவது நவம்பர் நடுவுல விதைச்சா, பூக்குற நேரம் மார்கழிக் குளிர் இருக்கும். பொங்கலுக்குப் பறிச்சிடலாம்.

கொடி வகையை விட, குத்துச்செடியா வளர்ற அர்கா கோமல் மாதிரி ரகம் சீக்கிரம் காய்க்கும். சுமார் 50 நாள்ல முதல் பறிப்பு. பந்தலும் தேவையில்லை.

ஒரு அடி ஆழப் பை போதும், அடியில ஓட்டை கட்டாயம். மண்ணோட மட்கிய தொழு உரம் கலந்து, விதையை ஒரு இஞ்ச் ஆழத்துல நேரா ஊனுங்க. பீன்ஸ் வேர் மென்மையானது, நாத்து விட்டுப் பிடுங்கி நட்டா சோர்ந்து நாள் வீணாகும். ராத்திரி முழுக்க ஊறவும் வைக்காதீங்க, விதை வெடிச்சு அழுகிடலாம். ஒரு வாரத்துல முளைச்சிடும். தினமும் ஆறு மணி நேரமாவது வெயில் படணும்.

"சீக்கிரம் வளரட்டும்"னு யூரியாவை அள்ளிப் போட்டா இலைதான் தழைக்கும், காய் தள்ளிப்போகும்.

இன்னொரு எதிரி உப்புத் தண்ணி. மண்ணோட உப்பு அளவு மீட்டருக்கு 1 டெசிசீமென்ஸைத் தாண்டினாலே பீன்ஸ் மகசூல் குறையும். காலேஜ் லேப்ல கண்டக்டிவிட்டி மீட்டர் இருந்தா உங்க போர் தண்ணியை ஒரு தடவை அளந்து பாருங்க. தண்ணி உப்பா இருந்தா, பிடிச்சு வெச்ச மழைத்தண்ணியை பீன்ஸுக்கு ஒதுக்குங்க.

காய் வந்ததும் இரண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை பிஞ்சாவே பறிக்கணும். உள்ளே விதை முத்திட்டா, "நம்ம வேலை முடிஞ்சது"ன்னு செடி பூக்குறதைக் குறைச்சிடும்.

அப்போ மே லீவுல சும்மா இருக்கணுமா? வேண்டாம். சீனி அவரை போடுங்க, மத்த ஊர்ல கொத்தவரங்காய்னு சொல்றது. இல்லைன்னா நீளமா தொங்குற காராமணிக்காய். இரண்டுமே வெயிலுக்குப் பிறந்தவை, 45 நாள் பக்கத்துல பறிக்க ஆரம்பிக்கலாம். காராமணி இனம் உப்பையும் பீன்ஸை விடப் பல மடங்கு தாங்கும்.

லீவு முடிஞ்சு நீங்க ஹாஸ்டலுக்குத் திரும்பும்போது செடி காய்க்கத் தொடங்கியிருக்கும். பறிக்கிற வேலையை மட்டும் அம்மாகிட்ட சொல்லிட்டுப் போங்க. பீன்ஸ் விதை பாக்கெட் நவம்பர் வரைக்கும் ஈரம் படாத டப்பாவுல இருக்கட்டும்.