மச்சான் – மச்சா: ஓர் உறவுமுறைச் சொல்லின் பெயர்ச்சி

பெங்களூரு இளைஞர் கன்னடத்தில் உரையாடினும் ஆங்கிலத்தில் உரையாடினும் நண்பனை ‘மச்சா’ என விளிப்பது பரவலான வழக்கு. விளிப்பவருள் தமிழறியாதாரும் பலர். இது தமிழ் ‘மச்சான்’ என்பதன் திரிபாகும்.

தமிழில் இச்சொல் மனைவியின் உடன்பிறந்தான், உடன்பிறந்தாளின் கணவன், மாமன் மகன், அத்தை மகன் ஆகியோரைச் சுட்டும். முறைமணம் வழங்கும் சமூகத்தில் இவர்கள் ஒரே வகையினர்: கொள்வினை கொடுப்பினைக்குரிய வீட்டு ஆடவர். பங்காளியை இவ்வாறு விளித்தல் இயலாது. பங்காளியிடம் சொத்துப் பிணக்கு உண்டு. மச்சானிடம் கேலி செய்யும் உரிமை உண்டு. அண்ணன், தம்பி என்பன வயது வரிசையைச் சுமப்பவை. சமவயது நட்புக்கு மச்சான் பொருந்தியதற்கு அக்கேலியுரிமையே காரணம் எனலாம். ‘மச்சான்’ என்பானுக்கு ‘மாப்பிள்ளை’ என மறுமொழி வருவதில் உறவின் இருபக்கத் தன்மை தமிழ் நட்பு வழக்கிலும் எஞ்சியுள்ளது. பெங்களூருவில் இது மறைந்து, இருவருமே ‘மச்சா’ ஆகின்றனர்.

1809இல் நிறுவப்பட்ட கண்டோன்மென்ட்டையொட்டி அல்சூர், சிவாஜிநகர் முதலிய பகுதிகளில் தமிழர் பெருகினர். சொல் பரவுதற்கு இக்குடியிருப்புகள் களமாயிருந்திருத்தல் கூடும். கன்னடத்தில் பாவ, மைதுன முதலிய உறவுப்பெயர்கள் முன்னரே உள்ளமையால் ‘மச்சா’ உறவுப்பொருளில் நுழையவில்லை. நட்பு விளியாக மட்டுமே நுழைந்தது. 1991 டிசம்பரில் காவிரிச் சிக்கலையொட்டித் தமிழர் தாக்கப்பட்ட நகரும் இதுவே. ஆயினும் அந்நகரின் இளைஞர் நாவில் இத்தமிழ்ச் சொல் இன்றும் வழங்குகிறது.

சிங்களத்திலும் இந்நிலையே. அங்கு உறவுக்கு ‘மஸ்ஸினா’ உண்டு, நட்புக்கு ‘மச்சங்’. 2008இல் உபெர்த்தோ பாசோலினி இயக்கிய இலங்கைத் திரைப்படமொன்று இச்சொல்லையே பெயராகக் கொண்டது. ஒலியியல் நோக்கில் ஒன்று கருதத்தக்கது. பேச்சுத்தமிழில் ஈற்று னகரம் மூக்கொலி உயிராகிறது. அம்மூக்கொலியைச் சிங்களம் ஙகர மெய்யாக்கிக் காத்தது. பெங்களூரு வழக்கு அறவே விட்டது.

மொழிபெயர்ப்பாளர்க்கு இடர் இங்குதான் எழுகிறது. தமிழ் முஸ்லிம்கள் சிலரிடையேயும் நாட்டுப்புற வழக்கிலும் மனைவி கணவனையும், காதலி காதலனையும் ‘மச்சான்’ என்பாள். கன்னடத்தில் இதனை ‘மச்சா’ எனப் பெயர்த்தால் கணவன் கல்லூரித் தோழனாகிவிடுவான். மறுதலையாக, நண்பனை விளிக்கும் மச்சானைப் ‘பாவ’ என்றாலோ இல்லாத மணவுறவு தோன்றும். கன்னடக் கொச்சையில் நண்பனை விளிக்கும் ‘மக’ ஓரளவு ஈடாகலாம். ஆனால் மகன் எனப் பொருள்படும் அச்சொல்லில் மச்சானுக்குரிய சமநிலை இல்லை.