தாம்பத்தியத்தில் வெளியே சொல்லாத ஒரு பிரச்சினை

எமது சமூகத்தில் கணவன் மனைவி உறவைப் பற்றிப் பெண்கள் வாய் திறப்பது அரிது. திறந்தாலும் "அவருக்கு எழுச்சி இல்லை", "கெதியாய் முடிஞ்சிடுது" என்பவற்றோடு பேச்சு நின்றுவிடும். இவற்றுக்கு எதிர்மாறான ஒன்றும் உண்டு. ஆணுக்கு விருப்பம் இருக்கும், விறைப்பும் இருக்கும். ஆனால் எவ்வளவு நேரம் சென்றும் விந்து வெளியேறாது. சிலருக்குக் கடைசிவரை வெளியேறாமலே களைத்துப் போய் முடியும். வேறு சிலர் அந்த இடத்தில் உணர்ச்சியே குறைந்து, மரத்துப் போனதுபோல் இருப்பதாகச் சொல்வர்.

கிராமங்களில் பெண்களைச் சந்திக்கும்போது இந்த முறைப்பாடு நேரடியாக வருவதில்லை. "அவருக்கு என்னிலை வெறுப்பாக்கும் அக்கா" என்று வரும். "வேற ஆரும் இருக்கோ தெரியேல்லை" என்று வரும். "கலியாணம் முடிச்சு இவ்வளவு காலம், மாமி என்னைத்தான் மலடி எண்டு சொல்லுறா" என்று வரும். அடிவயிறு நோகிறதென்று கிளினிக் போய்த் திரும்பியவர்களும் உள்ளனர். மெதுவாக விசாரித்தால், முக்கால் மணித்தியாலம் வரை நீளும் உறவைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பார்கள்.

நேரம் நீண்டால் ஆண்மை கூடவென்று ஒரு நினைப்பு எம்மவரிடம் உண்டு. பத்திரிகைகளில் வரும் லேகிய விளம்பரங்களும் அதைத்தான் வளர்க்கின்றன. 2005ஆம் ஆண்டில் ஐந்து நாடுகளில் ஏறத்தாழ 500 தம்பதியரிடம் ஓர் ஆய்வு வெளியானது. மனைவியரே கையில் நேரக்கணிப்பான் வைத்து அளந்தார்கள். அரைவாசிப் பேருக்கு 5.4 நிமிடங்களுக்குள் விந்து வெளியேறிவிட்டது. 20, 25 நிமிடங்களைத் தாண்டியும் வெளியேறாமல், அது பெரும்பாலான தடவைகளில் ஆறு மாதமளவு தொடர்ந்து, மனவருத்தத்தையும் தந்தால் அதை ஒரு மருத்துவப் பிரச்சினையாகக் கருதலாம்.

இதற்கான காரணங்களுள் எமது பகுதிகளில் முதலில் பார்க்க வேண்டியது குளிசைகள். யுத்தத்தின் பின் மனச்சோர்வு, நித்திரையின்மை, பயம், மனவடு என்று உளநலக் கிளினிக்கில் மருந்தெடுப்போர் பலர். அங்கு கொடுக்கப்படும் புளுவொக்செற்றின், சேர்ட்ரலின் போன்ற குளிசைகள் விந்து வெளியேறுவதைத் தாமதப்படுத்தும், உணர்ச்சியையும் குறைக்கும். மனச்சிதைவுக்கான சில மருந்துகளும் இப்படிச் செய்யும். புரஸ்தகோளம் வீங்கிச் சிறுநீர் தடைப்படுவோருக்குக் கொடுக்கும் தம்சுலோசின் விந்து வெளிவருவதையே நிறுத்திவிடலாம். குளிசை தொடங்கிய பிறகுதான் இது ஆரம்பித்ததா என்று நினைத்துப் பாருங்கள். ஆம் என்றால் காரணம் அநேகமாகக் கையிலேயே இருக்கிறது.

ஆனால் தாமாகவே குளிசையை நிறுத்திவிட வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்றும் பதற்றமும் வரலாம். அடங்கியிருந்த மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் திரும்பி வரலாம். அளவைக் குறைப்பதா, வேறு வகைக்கு மாற்றுவதா என்பதை வைத்தியர் தீர்மானிப்பார். இப்படியொரு பக்கவிளைவு உண்டென்று அவருக்கு நன்றாகத் தெரியும். நாம் சொல்லாததனால்தான் அவர் கேட்பதில்லை.

சலரோகம் அடுத்தது. நீண்டகாலம் சீனி கட்டுப்பாடின்றி இருந்தால் நரம்புகள் பழுதடையும். கால் விறைப்பது போலவே ஆணுறுப்பிலும் உணர்ச்சி மங்கும். சிலருக்கு விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் திரும்பிச் செல்லும். அதன்பின் கழிக்கும் சிறுநீர் கலங்கலாக இருக்கும். உடலுக்கு இதனால் ஆபத்தில்லை. பிள்ளை தங்காததற்கு இது காரணமாகலாம். அப்படியானால் சிறுநீரிலிருந்து உயிரணுக்களைப் பிரித்தெடுத்துக் கருத்தரிக்கச் செய்யும் வழிகள் மருத்துவத்தில் உண்டு. மலடி என்று ஒரு பெண்ணை ஏசுமுன் இருவரையும் பரிசோதிப்பதே நியாயம். கசிப்பும் சாராயமும் உணர்ச்சியை மழுங்கடிப்பவை. வயது கூடும்போதும் கொஞ்சம் தாமதம் ஏற்படுவது இயல்பு.

செல் துண்டு பட்டு முள்ளந்தண்டு பாதிக்கப்பட்ட கணவருடன் வாழும் சகோதரிகள் எம்மிடையே உள்ளனர். இத்தகைய ஆண்களுள் பெரும்பாலானோருக்கு வழமையான உறவில் விந்து வெளியேறாது. மூளைக்கும் கீழ் உடலுக்கும் இடையிலான நரம்புப் பாதை அறுந்ததே காரணம். அன்பு அறுந்ததாக எண்ண வேண்டாம். வைத்தியரின் மேற்பார்வையில் அதிர்வுக் கருவி மூலம் விந்தைப் பெற்றுப் பிள்ளை பெற்ற தம்பதியர் உலகெங்கும் உள்ளனர். காயம் மார்பின் நடுப்பகுதிக்கு மேலே என்றால் இதை வீட்டில் முயல வேண்டாம். இரத்த அழுத்தம் சடுதியாக ஏறும். கடும் தலையிடியும் வியர்வையும் அதன் அறிகுறிகள்.

மனம் சம்பந்தப்பட்ட காரணங்களில் எல்லாரும் மறைப்பது ஒன்று. தடுப்புக்காவலில் ஆண்களும் பாலியல் வதைக்குள்ளானார்கள். லண்டனில் சித்திரவதைக்குள்ளானோரைப் பராமரிக்கும் ஒரு நிலையத்துக்கு 1997, 1998 காலப்பகுதியில் அனுப்பப்பட்ட 184 இலங்கைத் தமிழ் ஆண்களுள் 38 பேர் இதைக் கூறினர். 2000ஆம் ஆண்டில் 'லான்செற்' மருத்துவ சஞ்சிகை இதனை வெளியிட்டது. இத்தகையவர்களுக்கு நெருக்கமான தருணத்திலேயே பழைய பயம் தலைதூக்கும். உடல் பாதியில் பூட்டிக்கொள்ளும். "என்ன நடந்தது, சொல்லுங்கோ" என்று நச்சரிக்க வேண்டாம். "நீங்கள் சொல்லாட்டிலும் நான் பக்கத்திலைதான் இருக்கிறன்" என்ற ஒரு சொல் போதும். இரவு நித்திரையின்றி எழுந்து அமர்ந்திருப்பவராயின் உளநல வைத்தியரைச் சந்திக்க ஒழுங்கு செய்யுங்கள். இதைவிட, ஓர் அறை வீட்டில் தகரச் சுவருக்கு அப்பால் மாமன் மாமி படுத்திருக்க, பிள்ளைகள் விழித்துவிடுமோ என்ற பதைப்பும் உடலைத் தடுக்கும். இதற்கு வைத்தியம் தேவையில்லை. ஒரு திரைச்சீலையும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பகற்பொழுதும் போதும்.

இளவயது முதல் கடுமையாக அழுத்திச் சுயஇன்பம் பெற்றுப் பழகியவர்களுக்குப் பெண்ணுடலின் மென்மை போதாமல் போவதுண்டு. சில கிழமைகள் அப்பழக்கத்தை நிறுத்திப் படிப்படியாக மென்மையான தொடுகைக்குப் பழகினால் பலருக்குச் சரிவரும். பாலியல் ஆலோசகர்கள் சொல்லும் இன்னொரு முறையும் வீட்டில் செய்யக்கூடியது. சில கிழமைகளுக்கு உறவையே ஒதுக்கிவைத்து, ஒருவரையொருவர் தடவி, எது இதமாக இருக்கிறது என்று சொல்லிக்கொள்வது. "முடிக்க வேண்டும்" என்ற நெருக்குதல் போனாலே சிலருக்கு உடல் இளகும். இப்பிரச்சினைக்கென்றே அனுமதிக்கப்பட்ட குளிசை இன்றுவரை அமெரிக்காவில் கூட இல்லை. பார்மசியில் இரகசியமாக வாங்கும் எழுச்சிக் குளிசை வேறு நோய்க்கு உரியது. நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் குளிசை வைப்பவர் அதைப் போட்டால் உயிராபத்து.

அவருடைய பிரச்சினை தீரும்வரை நீங்கள் நோவைச் சகிக்க வேண்டியதில்லை. நோகிறது, எரிகிறது என்றால் அந்த இடத்திலேயே நிறுத்தச் சொல்லுங்கள். வரட்சிக்கு பார்மசியில் நீர்த்தன்மையுள்ள ஜெலி கிடைக்கும். தேங்காயெண்ணெய் பாவித்தால் ஆணுறை கிழிந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். மறுத்தால் அடி விழுகிறதென்றால் அது குடும்ப வன்முறை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாப்புப் பெறலாம். பெரிய அரச வைத்தியசாலைகள் பலவற்றில் 'நட்பு நிலையம்' உண்டு.

அவரோடு பேசுவதற்குப் படுக்கை நேரம் உகந்ததல்ல. முற்றத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது, "இது ஒரு வருத்தமாம், கேட்டுப் பாப்பமே" என்று தொடங்கலாம். அவர் வர வெட்கப்பட்டால் கிளினிக்குக்கு ஒரு துண்டில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். எப்போது தொடங்கியது, ஒவ்வொரு தடவையும் இப்படியா, நித்திரையிலோ தனியே இருக்கும்போதோ விந்து வெளியேறுகிறதா என்ற மூன்றையும் எழுதினால் போதும். கடைசிக் கேள்விக்கு "ஆம்" என்றால் நரம்பும் சுரப்பியும் பெரும்பாலும் வேலை செய்கின்றன என்று வைத்தியர் ஊகிப்பார். நேரில் சொல்லவே முடியாதவர்கள் தேசிய உளநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம். கிளினிக் கொப்பியோடு அவர் பாவிக்கும் எல்லாக் குளிசை உறைகளையும் கொண்டு போக மறக்க வேண்டாம்.