வெள்ளை இழையும் செங்காவியும்

இழைக்கோலம் போடுகிறவருக்குத் தான் இழுக்கும் கோடு அந்த நேரத்தில் மங்கலாகத்தான் தெரியும். ஊறவைத்து அரைத்த பச்சரிசி மாவில் துணித்துண்டை நனைத்து விரல்களால் அழுத்த, மோதிர விரல் வழியே மாவு இழையாக இறங்கும். ஈரமாக இருக்கும்போது மாவுத் துகள்களுக்கிடையே நீர் நிறைந்திருப்பதால் ஒளி பெரும்பாலும் ஊடுருவிப் போய்விடுகிறது. காய்ந்ததும் அந்த இடைவெளிகளில் காற்று புகுகிறது. ஒளி எல்லாப் பக்கமும் சிதறிக் கோடு பளீரென வெளுக்கிறது.

ஸ்ரீரங்கத்தில் விசேஷ நாட்களில் இந்த வெள்ளையைச் சுற்றிச் செங்காவி இடுவார்கள். இரும்பு ஆக்சைடு தரும் சிவப்பு அது, வெயிலில் எளிதில் மங்காது. காவி பக்கத்தில் இருந்தால் வெள்ளை இன்னும் வெள்ளையாகத் தெரியும். அண்டை நிறத்தால் ஒரு நிறம் இப்படி மாறித் தோன்றுவதை ஆராயத்தான் ஓவியர் ஜோசப் ஆல்பர்ஸ் 1950 வாக்கில் தொடங்கிக் கால் நூற்றாண்டுக் காலம் சதுரத்துக்குள் சதுரமாக வரைந்துகொண்டே இருந்தார். நம் படிக்கோலமும் சதுரத்துக்குள் சதுரம்தான். ஏழு பிராகாரங்கள் ஒன்றையொன்று சூழ்ந்த அரங்கன் கோயில் வீதிகளில் அதைப் பார்க்கையில், ஊரும் வாசலும் ஒரே வடிவத்தில் யோசிப்பதாக எனக்குத் தோன்றும்.

சிக்குக்கோலத்தின் அழகு வேறு: அங்கே வடிவத்துக்குள் கணக்கு இருக்கிறது. செவ்வகமாக வைத்த புள்ளிகளைச் சுற்றி, நடுவில் எங்கும் போக்கை மாற்றாமல் எளிய பின்னலாக இழுத்தால், எத்தனை தனிக் கோடுகள் வரும் என்று முன்பே சொல்லிவிடலாம். இரு பக்கப் புள்ளி எண்ணிக்கைகளின் மீப்பெரு பொதுக்காரணிதான் விடை. 3க்கு 4 வைத்தால் ஒரே கோடு, எடுத்த இடத்திலேயே வந்து முடியும். 3க்கு 3 என்றால் மூன்று. கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலத்துக்குக் கணினி இலக்கணம் வகுத்து 1974இல் வெளியிட்ட கட்டுரை, உலகக் கணிதத் துறையினரை நம் வாசலுக்கு அழைத்து வந்தது.

போட்டிகளில் இப்போது பல வண்ணப் பொடிகளை நிரப்புகிறார்கள். பார்க்க உற்சாகம்தான். ஆனால் நிறங்கள் கூடக்கூடக் கண் இழையைத் தொடராமல் பொடியிலேயே நின்றுவிடுகிறது. வெள்ளையும் காவியும் போதும் என்பதே என் கட்சி.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் 4க்கு 6 புள்ளி வைத்துக் கொடுங்கள். இரண்டு கோடுகள் வருகின்றனவா என்று அவர்களே இழுத்துப் பார்க்கட்டும்.