சத்தமே இல்லையே, கார் ஓடுதா? - சிறிய ஹைபிரிட் காரை ஓட்டும் அனுபவம் எப்படி இருக்கும்?

பிரேக்கை மிதித்துப் பொத்தானை அழுத்துகிறீர்கள். எஞ்சின் உறுமவில்லை. அதிர்வும் இல்லை. "என்ன ஆச்சு, ஸ்டார்ட் ஆகலையா?" என்று மறுபடியும் அழுத்துகிறீர்கள். இப்போதுதான் கார் உண்மையிலேயே அணைந்துபோகிறது!

முதன்முறையாக ஹைபிரிட் காரில் உட்காருபவர்கள் பலருக்கு இது நடக்கும். முகப்பில் பச்சை நிறத்தில் 'ரெடி' விளக்கு எரிகிறதா? அப்படியென்றால் கார் தயார். சத்தத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

2030ஆம் ஆண்டிலிருந்து சிங்கப்பூரில் புதிதாகப் பதிவாகும் கார்கள் அனைத்தும் தூய்மையான எரிசக்தியில் ஓடுபவையாக இருக்கவேண்டும். ஹைபிரிட்டும் அந்தப் பட்டியலில் உண்டு. மின்சாரக் காருக்கு மாறத் தயங்குபவர்கள் பலரும் சிறிய ஹைபிரிட்டைத்தான் யோசிக்கிறார்கள். பெட்ரோல் மிச்சமாகும் என்ற நம்பிக்கை ஒரு முக்கியக் காரணம். மிச்சமாகுமா?

ஆகும். ஆனால் நீங்கள் எங்கே, எப்படி ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

<b>பிரேக் பிடித்தால் வரவு</b>

டொயோட்டா அக்குவாவை எடுத்துக்கொள்வோம். 2011ஆம் ஆண்டு இறுதியில் ஜப்பானில் அறிமுகமான கார். இங்கே 'பிரியஸ் சி' என்ற பெயரிலும் விற்கப்பட்டது. 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், அதோடு ஒரு மின்சார மோட்டார், பின் இருக்கைக்குக் கீழே ஒரு மின்கலன். இதற்குப் பிளக் கிடையாது, எங்கும் மின்னூட்டத் தேவையில்லை.

அப்படியானால் மின்சாரம் எங்கிருந்து வருகிறது? கொஞ்சம் எஞ்சினிலிருந்து. மீதி, நீங்கள் பிரேக் பிடிக்கும்போது. சாதாரணக் காரில் பிரேக் பிடித்தால் அந்த வேகம் முழுக்கச் சூடாகி வீணாகிவிடும். ஹைபிரிட்டில் மோட்டார் அதை மின்சாரமாக மாற்றி மின்கலனில் சேர்க்கிறது. பச்சை விளக்கு விழுந்ததும் அதே மின்சாரம் காரை நகர்த்துகிறது.

அதனால்தான் நின்று நின்று போகும் நகரச் சாலையில் இந்தக் கார் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொள்கிறது. சிராங்கூன் ரோட்டில் சனிக்கிழமை மாலை நெரிசலை நினைத்துப் பாருங்கள். மற்றக் கார்கள் பெட்ரோலைக் குடித்துக்கொண்டு நிற்கும். இதில் எஞ்சின் பெரும்பாலும் தூங்கும். குளிர்சாதனம்கூட மின்சாரத்தில்தான் ஓடுகிறது. ஆனால் நம்ம ஊர் வெயிலுக்கு அதுவே மின்கலனை வேகமாகக் காலி செய்துவிடும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை எஞ்சின் தானாகவே விழித்து, மின்கலனை நிரப்பிவிட்டு மீண்டும் அணையும். பழுது என்று பயப்பட வேண்டாம்.

பிரேக் பழக்கத்தைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். தூரத்தில் சிவப்பு விளக்கைப் பார்த்ததுமே காலை எடுத்துவிட்டு, மெதுவாக, நீளமாக மிதித்தால் அதிக மின்சாரம் திரும்பக் கிடைக்கும். கிட்டே போய்ச் சடக்கென்று மிதித்தால் வழக்கமான பிரேக்தான் பெரும்பாலான வேலையைச் செய்யும், வரவு குறையும். கார் முழுதாக நிற்பதற்குச் சற்று முன் பிரேக்கில் ஒரு சிறு மாற்றம் காலுக்குத் தெரியும். மோட்டார் விலகி வழக்கமான பிரேக் பொறுப்பேற்கும் இடம் அது. ஒரு வாரத்தில் பழகிவிடும்.

<b>விரைவுச்சாலையில்?</b>

இங்கேதான் சிலருக்கு ஏமாற்றம். மணிக்கு 90 கிலோமீட்டரில் ஒரே சீராகப் போகும்போது பிரேக்குக்கு வேலை இல்லை, வரவும் இல்லை. எஞ்சின்தான் காரை இழுக்கிறது. அப்போதும் சிக்கனம்தான், ஆனால் சாதாரணச் சிறிய காரைவிட வித்தியாசம் குறைந்துவிடும்.

விரைவுச்சாலைக்குள் நுழையும்போது வேகமாக மிதித்தால் எஞ்சின் கத்தும். இதில் வழக்கமான கியர் மாற்றம் கிடையாது. சத்தம் முதலில் வரும், வேகம் கொஞ்சம் பொறுத்துத்தான் வரும். இடைவெளியைப் பார்த்து நிதானமாக நுழையுங்கள்.

கணக்குப் போடுவோமா? ஹைபிரிட் 100 கிலோமீட்டருக்கு 4 லிட்டர், சாதாரணக் கார் 6.5 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டினால் 375 லிட்டர் மிச்சம். லிட்டர் 2.80 வெள்ளி என்றால் 1,050 வெள்ளி. வாடகைக்கு ஓட்டுபவர்களுக்கு அது பல மடங்காகும். வார இறுதியில் மட்டும் காரை எடுப்பவர், ஹைபிரிட்டுக்காகக் கூடுதலாகக் கொடுத்த பணத்தை மீட்கவே வெகுநாள் ஆகும்.

<b>கடற்பாலமும் கெந்திங்கும்</b>

பள்ளி விடுமுறை. ஜொகூருக்குப் போகும் வரிசையில் ஊர்ந்து கொண்டிருக்கிறீர்கள். ஹைபிரிட்டுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. எல்லை தாண்டும் சிங்கப்பூர்க் கார்களில் முக்கால் தொட்டி பெட்ரோல் இருக்கவேண்டும் அல்லவா? அக்குவாவின் தொட்டி 36 லிட்டர்தான். முக்கால் என்றால் 27 லிட்டர். அதிலேயே கோலாலம்பூர் போய்ச் சேர்ந்துவிடலாம்.

மேலே கெந்திங்குக்கு ஏறும்போது நிலைமை வேறு. நான்கு பேர், பெட்டிகள், தொடர் ஏற்றம். மின்கலன் சீக்கிரமே கை விரித்துவிடும், சின்ன எஞ்சின் தனியாக மூச்சு வாங்கும். இறங்கும்போது நேர்மாறான சிக்கல். அந்த மின்கலனின் கொள்ளளவு ஒரு கிலோவாட் மணிக்கும் சற்றுக் குறைவு. மலையின் பாதியைத் தாண்டும் முன்பே நிரம்பிவிடும். அதன்பிறகு மோட்டாரால் வேகத்தைப் பிடித்துவைக்க முடியாது, முழுப் பாரமும் பிரேக் மேல் விழும். கியர் நெம்புகோலில் இருக்கும் 'பி' நிலை இதற்காகத்தான். அது எஞ்சினைக் கொண்டு காரை இழுத்துப் பிடிக்கும். சிலர் 'பி'யில் அதிக மின்சாரம் சேரும் என்று ஊருக்குள்ளும் அதிலேயே ஓட்டுகிறார்கள். அது வீண்.

<b>அமைதியும் ஆபத்தாகலாம்</b>

புளோக்கின் கீழே உள்ள வாகன நிறுத்துமிடத்தில் தாத்தா பாட்டிகள் நடப்பார்கள், பிள்ளைகள் ஓடுவார்கள். பின்னால் கார் வருவதைக் காதால்தான் பலரும் உணர்வார்கள். மெதுவாக நகரும் ஹைபிரிட்டின் சத்தம் அவர்களுக்குக் கேட்காது. புதிய கார்கள் பலவற்றில் குறைந்த வேகத்தில் எச்சரிக்கை ஒலி எழுப்பும் கருவி இருக்கிறது. பழைய கார்களில் பெரும்பாலும் இல்லை. அவர் விலகிவிடுவார் என்று நினைக்காதீர்கள். நீங்கள் வருவதே அவருக்குத் தெரியாது.

இறங்கும்போதும் கவனம் தேவை. சத்தம் இல்லாததால் காரை அணைக்காமலே போய்விட வாய்ப்பு உண்டு. மின்கலன் குறைந்ததும் ஆளில்லாத காரில் எஞ்சின் தானாக ஓடத் தொடங்கும்.

<b>பழைய கார் வாங்குகிறீர்களா?</b>

பின் இருக்கையின் பக்கத்தில் ஒரு சிறு காற்றுத் துவாரம் இருக்கும். மின்கலன் அது வழியாகத்தான் குளிர்கிறது. பை, மெத்தை, பிள்ளையின் சட்டை என்று ஏதாவது அதை மூடினால் மின்கலன் சூடாகி அதன் ஆயுள் குறையும். உள்ளே இருக்கும் வடிகட்டியில் தூசி, முடி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். முந்தைய உரிமையாளர் காரை எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

இரண்டு மூன்று வாரம் ஊருக்குப் போய்வந்து பொத்தானை அழுத்தினால் கார் அசையாமல் கிடக்கலாம். பெரிய மின்கலன் போய்விட்டது என்று உடனே நெஞ்சைப் பிடிக்க வேண்டாம். கணினிகளை இயக்கும் சாதாரண 12 வோல்ட் மின்கலன் இறங்கியிருக்கலாம். அதை மாற்றும் செலவு ஹைபிரிட் மின்கலனின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

வாங்கும் முன் ஓட்டிப் பார்க்கப் போகிறீர்களா? ஞாயிற்றுக்கிழமை காலையில் காலியான சாலையில் வேண்டாம். நீங்கள் தினமும் வேலைக்குப் போகும் வழியில், வேலைக்குப் போகும் நேரத்திலேயே கேளுங்கள்.