வாடிக்கையாளர் எண்கள் பத்திரம்!

வணிகப் பெருமக்களே, பற்றுவரவு நோட்டை யாரிடமும் கொடுக்க மாட்டோம். ஆனால் வாடிக்கையாளர் எண்கள் உள்ள செல்போனில், கேட்கும் செயலிக்கெல்லாம் அனுமதி தருகிறோம்.

ஃபேஸ்புக்கில் ஒரு கேள்வி-பதில் செயலியைச் சேர்த்தவர்கள் சுமார் 2.7 லட்சம் பேர்தான். அவர்களுடைய நண்பர்களையும் சேர்த்து 8.7 கோடிப் பேர் வரை விவரங்கள் வெளியேறியிருக்கலாம் என்று 2018இல் அந்நிறுவனமே தெரிவித்தது. 3 மாதம் பயன்படுத்தாத செயலிகளின் அனுமதியை நிறுத்துவதாகவும் அறிவித்தது.

வாட்ஸ்அப்பில் ஆர்டர் வாங்கும் நாம் செய்ய வேண்டியவை:

1. தேவையற்ற செயலிகளுக்குத் தந்த 'தொடர்புகள்' அனுமதியை போன் அமைப்புகளில் நீக்குங்கள்.

2. வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதியைப் பாருங்கள். நீங்கள் இணைக்காத கணினி இருந்தால் உடனே வெளியேற்றுங்கள்.

3. வேலையை விட்டுச் சென்ற பணியாளரின் இணைப்பையும் மறவாமல் துண்டியுங்கள்.

நாம் தரும் ஒரு அனுமதி, நம்மை நம்பி எண் தந்த அனைவரையும் பாதிக்கும்.